அம்மாவின் புதன்கிழமைகள்

அத்தியாயம் பதினான்கு

புதன்கிழமை காலை ஏழரைக்குள் தம்பி சதீஸ் மூன்று தடவை கேட்டுவிட்டான், அம்மாவின் கிளினிக் கொப்பி எங்கே என்று.

சுதர்சினி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அலுமாரியில்தான் இருக்கும், தேடித் தருகிறேன் என்று மூன்று தடவையும் ஒரே மாதிரி சொன்னாள். அதில் சலிப்பும் இல்லை, அவசரமும் இல்லை. கண்டி டவுனில் அவள் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களிடம், எந்த வரி தெளிவாகத் தெரிகிறது என்று கேட்பாளே, அந்தக் குரல். நாற்பத்தொரு நாளாக வீட்டிலும் அவளுக்கு அந்தக் குரல்தான்.

நாற்பத்தொரு நாளுக்கு முன், ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில், தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்த அம்மா ராக்கம்மா அடுப்புக்குப் பக்கத்திலேயே சரிந்தார். கெட்டம்பே வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு என்றார்கள்.

அடுத்த நாளே தம்பி சதீஸ் கட்டாரிலிருந்து வந்து இறங்கினான். அங்கே ஒரு ஹோட்டலில் வேலை. பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். அத்தைமார் சுதர்சினியைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவள் அவர்களுடைய முதுகைத் தடவிக் கொடுத்தாள். பாய் விரித்தாள், தேத்தண்ணி ஊற்றினாள், கருமாதிக்கு வந்தவர்களுக்கு இலை போட்டாள். அழவில்லை. வரும் வரும் என்று அவளும் காத்திருந்தாள். வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சதீஸுக்கு விமானம். அதற்குள் ஒரு வேலையை முடித்துவிட வேண்டும் என்று நின்றான். அம்மா நாலு வருடமாக பிரஷர் நோயாளி. மாதத்தின் முதல் புதன் பிரஷர் கிளினிக். மற்றப் புதன்களில் முழங்கால் வலிக்கு உடற்பயிற்சி. ஒரு புதன்கூடத் தவறாமல் அப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஒருவருக்கு இதயம் இவ்வளவு கெட்டிருந்ததை ஒரு டொக்டர்கூடக் கவனிக்கவில்லையா? இதுதான் அவன் கேள்வி. இரண்டு பக்கத்துக்கு முறைப்பாட்டுக் கடிதம் எழுதி வைத்திருந்தான். கணவர் என்ற இடத்தில் அப்பாவின் கையெழுத்து மட்டும்தான் மிச்சம்.

அப்பா இராமகிருஷ்ணன் இரண்டு வாரமாக, பார்ப்போம், பார்ப்போம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். தபால் கந்தோரில் முப்பத்திரண்டு வருடம் பிறருடைய கடிதங்களுக்கு முத்திரை குத்தியவருக்கு ஒரு கையெழுத்துப் போட இரண்டு வாரமாகக் கை வரவில்லை. துக்கத்தில் மனுசன் ஒடிந்துபோய்விட்டார் என்று பிள்ளைகள் இரண்டு பேரும் நினைத்தார்கள்.

சதீஸ் போட்டோ கொப்பிக் கடைக்குப் போன பிறகு சுதர்சினி அலுமாரியைத் திறந்தாள். அம்மாவின் சேலைகளுக்குக் கீழே பிளாஸ்டிக் உறை போட்ட கிளினிக் கொப்பி இருந்தது. பக்கத்திலேயே அம்மாவின் போன், சார்ஜ் இறங்கிக் கிடந்தது.

கொப்பியைப் புரட்டினாள். மாதா மாதம் திகதி முத்திரை, பிரஷர் அளவு, டொக்டரின் கோழிக்கிறுக்கல். போன வருடம் பெப்ரவரி வரை ஒழுங்காக வந்தது. அடுத்த பக்கம் வெறுமையாக இருந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. கடைசி அட்டை வரை எதுவுமே எழுதப்படவில்லை.

ஒன்றரை வருடம் அம்மா கிளினிக்குக்குப் போகவே இல்லை.

சுதர்சினி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்த வெற்றுப் பக்கங்களை ஒருமுறை எண்ணினாள். ஆச்சரியப்பட வேண்டும் என்று தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது. கொப்பியைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனை சார்ஜில் போட்டாள்.

போன் உயிர் பெற்றதும் வரிசையாகச் சத்தம் போட்டது. எல்லாம் ஒரே ஆளிடமிருந்து வந்த தவறிய அழைப்புகள். 'சகீனா கிளினிக்' என்று அம்மா பதிந்திருந்தார். நேற்று மாலை ஒரு குரல் செய்தியும் வந்திருந்தது. அதை அழுத்தினாள்.

"ராக்கம்மா, என்ன நடந்த ஒங்களுக்கு? அஞ்சு புதன் ஆகிட்டு. போனும் எடுக்கிறல்ல. நாங்க மூணு பேரும் போர்ட வெச்சிக்கிட்டு வாசலப் பாத்துட்டே இருக்கம். நாளைக்காவது வாங்க. கட்டுகஸ்தோட்டைக்கு பஸ் இல்லாமலா போச்சி?"

ஒரு வயதான பெண்ணின் குரல். பொய்க் கோபம். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

கடைக்குப் போன் செய்து இன்று வரமுடியாது என்று சொன்னாள் சுதர்சினி. சேலை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து செருப்பில் கால் நுழைத்தபோது, முன் அறையில் கதிரையில் சாய்ந்திருந்த அப்பா கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"பாலத்துக்கு முந்தின பஸ் ஹோல்ட்லயே எறங்கிரு. பாலம் தாண்டுனா ரொம்ப நடக்கணும்."

அவள் திரும்பிப் பார்த்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் குரல் செய்தி கேட்டிருக்கிறது.

"பச்ச கேட்டு," என்றார் அப்பா. பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்போதே கேட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை. கெட்டம்பேயில் பஸ் ஏறினாள், கண்டியில் இறங்கி கட்டுகஸ்தோட்டை பஸ்ஸுக்கு மாறினாள். பாடசாலைப் பிள்ளைகளின் காலை நெரிசல் முடிந்திருந்ததால் யன்னல் இருக்கை கிடைத்தது. அம்மாவும் இப்படித்தான் யன்னல் பக்கம் உட்கார்ந்து போயிருப்பார். அப்பா பக்கத்தில் குடையோடு. இத்தனை நாளும் ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருப்பதாக அவள் நினைத்திருந்த இரண்டு பேர் இந்தப் பாதையில் போய் வந்திருக்கிறார்கள். அதை மனதுக்குள் படமாக்கிப் பார்த்தாள். படம் வந்தது. அதோடு வேறெதுவும் வரவில்லை.

பச்சை கேட்டைத் திறந்தது ஒரு இளம் பெண். சகீனாவின் மருமகள் ரிஸ்னா. ராக்கம்மாவின் மகள் என்று சொன்னதும் முகம் மலர்ந்து, "மாமி, அவங்கட மகள் வந்திருக்காங்க," என்று உள்ளே குரல் கொடுத்தாள்.

முன் ஹோலின் நடுவில் ஒரு ஸ்டூல் மேல் கெரம் போர்ட் இருந்தது. அதற்கு நேர் மேலே நீண்ட வயரில் ஒரு பல்ப் தாழ்வாகத் தொங்கியது. நாலு பக்கமும் நாலு கதிரை. ஒன்றில் கண்ணாடி போட்ட சிங்கள அம்மா ஒருவர் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு குசுமா டீச்சராம், ஓய்வு பெற்றவர். இன்னொன்றில் பவுடர் டின்னோடு சகீனா. ஒன்று ரிஸ்னாவுடையது. நாலாவதில் யாரும் இல்லை.

சகீனா எழுந்து வந்து அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அம்மாவுக்கு முழங்கால் கூடிவிட்டதா, அதுதான் வராமல் இருக்கிறாரா என்று கேட்டார்.

இல்லை என்றாள் சுதர்சினி. நின்றபடியே விசயத்தைச் சொன்னாள். எந்த நாள், எத்தனை மணி, என்ன நடந்தது என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். கண்ணாடி ஓடரை வாசித்துக் காட்டுவது போலத்தான் இருந்தது. சகீனா பிடித்த கையை விடவில்லை. இன்னாலில்லாஹி என்று தொடங்கி மிகுதியை வாய்க்குள்ளேயே சொல்லி முடித்தார். ரிஸ்னா டீச்சரிடம் சிங்களத்தில் சொன்னாள். டீச்சர் அடுக்கிய காய்களைக் கலைக்காமல் கையை மட்டும் எடுத்தார்.

ரிஸ்னா எட்டி பல்பை அணைத்தாள். பிறகு சகீனா பேச ஆரம்பித்தார்.

இரண்டு பேருக்கும் பழக்கமானது கிளினிக் வரிசையில்தான். அம்மாவின் இலக்கம் நூற்றி எண்பத்துச் சொச்சம், சகீனாவினுடையது அதற்கடுத்தது. நின்ற நேரத்தில் பேச்சு கெரம் பக்கம் போயிருக்கிறது. தெல்தோட்டையில் தேயிலைத் தோட்டத்துக் கிளப்பில் ஆம்பிளைகள் விளையாடுவதை யன்னலுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன், ஒரு காயைக்கூடத் தொட்டதில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் வந்து தொட்டுப் பாருங்கள் என்று சகீனா கூப்பிட்டிருக்கிறார்.

"அறுவது வயசுல பழகின கை மாதிரியா அது? மூணு மாசத்துல எங்கள எல்லாம் தோக்கடிச்சிட்டாங்க. செவப்புக் காய விழுத்தினா கைய இப்படி வாயில வெச்சிக்கிட்டு சிரிப்பாங்க."

சுதர்சினி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா ஒரு பாடசாலை ஹொஸ்டலில் இருபத்தாறு வருடம் சமைத்தவர். வீட்டிலும் சமைத்தவர். உட்கார்ந்து விளையாடி அவள் பார்த்ததே இல்லை. வாயில் கை வைத்துச் சிரிப்பதையும் பார்த்ததில்லை.

கிளினிக்குக்கு ஏன் போகவில்லை என்று கேட்டாள்.

சகீனா தலையைக் குனிந்துகொண்டார். தான் ஒரு மாதமும் விடவில்லை என்றார். விடிய ஆறு மணிக்கே போய் இலக்கம் எடுத்து, ஒன்பதுக்குள் முடித்துவிட்டு வந்துவிடுவார். நீங்களும் அப்படிச் செய்யுங்கள் என்று ஒவ்வொரு மாதமும் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன், அது போதும் என்று அம்மா சொல்லிவிடுவாராம். "நான் இன்னும் கடினமா சொல்லி இருக்கணும் மகள்," என்றார்.

அவரைத் தேற்ற வேண்டும் என்று சுதர்சினிக்குப் பட்டது. அப்போது குசுமா டீச்சர் தனக்குத் தெரிந்த தமிழில், நாலாவது கதிரையைக் காட்டி, ஒரு ஆட்டம் இருந்து விளையாடிவிட்டுப் போகச் சொன்னார். சகீனாவும் மறுக்கவில்லை. ரிஸ்னா தயங்கித் தயங்கி பல்பைப் போட்டாள்.

அவள் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் எப்போதோ விளையாடியது. முதல் அடி கோணி ஓரத்தில் மோதியது. இரண்டாவதும் அப்படியே. சகீனா எதிர்ப் பக்கத்திலிருந்து, விரலை விறைப்பாக வைக்காதீங்க என்றார். நாலாவது தடவை ஒரு கறுப்புக் காய் மெல்ல ஊர்ந்துபோய் ஓட்டைக்குள் விழுந்தது. அடுத்து இன்னொன்று விழுந்தது. டீச்சர் நாக்கைச் சப்புக்கொட்டினார். சிவப்புக் காய் வலது மூலைக்கு நேராக நின்றது. அவள் குறி பார்த்தாள். பல்பின் சூடு நெற்றியில் பட்டது. அடித்தாள், விழுந்தது. சிவப்பைத் தனதாக்க அடுத்து விழுத்த வேண்டிய கவர் காய் தவறிப்போனது. சிவப்பை எடுத்து மறுபடி நடுவில் வைக்க வேண்டியதாயிற்று. மற்ற மூன்று பேரும் ஒரே நேரத்தில் அடச்சே என்றார்கள். அவள் சிரித்தாள்.

சிரித்த பிறகுதான் அது தன் சத்தம் என்று தெரிந்தது.

சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். நாற்பது நிமிடம் போயிருந்தது. அந்த நாற்பது நிமிடமும் அவளுக்கு அம்மாவின் ஞாபகம் வரவில்லை, அம்மாவின் கதிரையில் இருந்துகொண்டே. வெட்கப்பட வேண்டும் என்று நினைத்தாள். அதுவும் வரவில்லை. கையிலிருந்த வெள்ளைப் பவுடரைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

கேட்டு வரை சகீனா கூடவே வந்தார். அங்கே வைத்துத்தான் அந்தக் கடைசிப் புதனைப் பற்றிச் சொன்னார். அன்று அம்மாவுக்கு ஆட்டம் சரியாக வரவில்லை. பக்கத்தில் நின்ற காய்கூடத் தவறியது. இடது கை பாரமாக இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னாராம். சகீனாவுக்குப் பயம் பிடித்துவிட்டது. பன்னிரண்டு மணிக்கு அப்பா கூட்டிப் போக வந்ததும் ஒரு த்ரீவீலரை நிறுத்தி, வீட்டுக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லி ஏற்றி அனுப்பியிருக்கிறார்.

"டொக்டர் என்னமோ சென்னாரா அண்டைக்கி?" என்று கேட்டார்.

சுதர்சினி தெரியாது என்றாள்.

வீடு வந்து சேர இரண்டே கால். அப்பா அதே கதிரையில்தான் இருந்தார். காலையில் மூடி வைத்த சோறு அப்படியே இருந்தது. அவள் அவருக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்து டீப்போ மேசையில் வைத்தாள்.

"ஜெயிச்சியா?" என்று கேட்டார் அப்பா.

"இல்ல. கவர் விழல."

தலையாட்டினார். பிறகு அவராகவே சொல்லத் தொடங்கினார். போன வருடம் மார்ச் மாதம் முதல் புதன். காலை ஏழு மணிக்குப் போயும் வரிசை அசையவில்லை. பத்து மணிக்கு அம்மாவுக்குக் கால் வீங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். அதைப் பார்க்கப் பொறுக்காமல், வா போகலாம், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று கூப்பிட்டவர் அப்பாதான். வெளியே வந்தால் வீட்டுக்குப் போகவும் மனமில்லை. டவுனுக்குப் போய் பத்தரைக் காட்சிக்குப் படம் பார்த்திருக்கிறார்கள். கலியாணம் கட்டி முப்பத்தாறு வருடத்தில் பகலில் அவர்கள் பார்த்த முதல் படம் அது. கொட்டகையில் மொத்தம் பதினோரு பேர். இடைவேளையில் அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்து, தெரிந்தவர் யாரும் இருக்கிறார்களா என்று பயந்தாராம். பிறகு சிரித்தாராம்.

அடுத்த மாதமும் அப்படியே ஆனது. பிறகு சகீனா வீட்டுக் கெரம். அம்மா விளையாடும் நேரத்தில் அப்பா டவுனுக்கு வந்து வாவியைச் சுற்றி நடப்பார், இல்லையென்றால் ஒரு படம். பகல் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பேக்கரியில் மீன் வைத்த மாலுபாண் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவார்கள். பிள்ளைகளிடம் கிளினிக் என்று சொல்லிவிட்டதால் அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். பெரிய பிள்ளைகளிடம் போய், விளையாடப் போகிறோம் என்று எப்படிச் சொல்வது?

"மருந்த நிப்பாட்டல," என்றார். "பழைய மருந்துத் துண்ட காட்டி பாமசியில வாங்கிக் குடுத்துட்டேதான் இருந்தேன். டொக்டர் பாக்கல. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

கேட்டது சதீஸ். எப்போது வந்தான் என்று தெரியாது. போட்டோ கொப்பிக் கட்டோடு வாசலில் நின்றிருந்தான்.

அவன் கத்துவான் என்று சுதர்சினி எதிர்பார்த்தாள். அவன் கத்தவில்லை. உள்ளே வந்து கொப்பியை எடுத்து, வெற்றுப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினான். கடைசிப் பக்கம் வரை பார்த்தான். நான் அங்கே இரண்டு ஷிப்ட் செய்துகொண்டு, அம்மா கிளினிக்குக்குப் போனாரா, டொக்டர் என்ன சொன்னார் என்று ஒவ்வொரு புதன் இரவும் போனில் கேட்பேனே என்றான். எல்லாம் நல்லா இருக்கு என்று சொன்னீர்களே இரண்டு பேரும். ஒவ்வொரு கிழமையும் சொன்னீர்களே.

"சொன்னோம்," என்றார் அப்பா.

"நாந்தான் உங்கள நம்பிக்கிட்டு இருந்தேன்ப்பா."

சுதர்சினி தம்பியின் முகத்தைப் பார்த்தாள். எழுந்துபோய் அவன் தோளைத் தொட வேண்டும். எழுந்தாள், தொட்டாள். அவன் விலகி நின்றான்.

பிறகு, யாரும் கேட்காமலே, தான் செய்ததையும் சொல்லிவிட்டான். கடிதம் ஏற்கெனவே போய்விட்டது. அப்பா இழுத்துக்கொண்டே இருந்ததால் திங்கட்கிழமை அவனே அப்பாவின் கையெழுத்தைப் போட்டு, அப்பாவின் போன் இலக்கத்தையும் எழுதி, ஆஸ்பத்திரிக் கந்தோரில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். கிளினிக் கொப்பியை அடையாளத்துக்குப் பிறகு தருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அதற்காகத்தான் காலையிலிருந்து அத்தனை தடவை கேட்டது.

கொப்பியை மூடி டீப்போ மேசையில் வைத்தான். பக்கத்து வீட்டில் கிரிக்கட் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஆட்டமிழந்தார்கள் போல, சத்தம் எழுந்து அடங்கியது.

மூன்று நாற்பதுக்கு அப்பாவின் போன் அடித்தது.

சதீஸ்தான் முதலில் இலக்கத்தைப் பார்த்தான். எடுக்க வேண்டாம் என்று சைகை காட்டினான். அப்பா எடுத்தார். சிங்களத்தில் பேசினார். நாற்பத்தொரு நாளாக வெளியாள் யாரிடமும் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லாத மனிதர், கவுன்டரில் நிற்பவரிடம் பேசுவது போல நிறுத்தி நிதானமாகப் பேசினார். ஆமாம், நான்தான் கணவர். ஆமாம், முறைப்பாடு கிடைத்ததா, நல்லது. வெள்ளிக்கிழமை ஒன்பது மணி. கொப்பியைக் கொண்டு வருகிறேன். நன்றி மிஸ்.

போனை வைத்துவிட்டு, சுவரில் தொங்கிய கலண்டரில் வெள்ளிக்கிழமைக்குக் கீழே பேனையால் 'காலை 9' என்று எழுதினார். விசாரணையாம், கிளினிக் டொக்டரும் இரண்டு தாதிமாரும் வருவார்களாம்.

"அங்க போய் என்னாப்பா சொல்லப் போறீங்க?" என்றான் சதீஸ்.

"நடந்தத சொல்லுவேன். அவங்க மேல தப்பில்ல. அந்த டொக்டர் பொண்ணு யாருன்னே நமக்குத் தெரியாது. அது எதுக்கு பதில் சொல்லிக்கிட்டு நிக்கணும்?"

"அப்ப கையெழுத்து?"

அப்பா பேனையை மூடிச் சட்டைப் பையில் குத்தினார்.

"அது நான் போட்டது," என்றார். "கேட்டா அப்படித்தான் சொல்லுவேன். நீ ஞாயித்துக்கெழம பிளைட்டுல ஏறு."

சதீஸ் போட்டோ கொப்பிக் கட்டை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனான். கேட்டு திறந்தே கிடந்தது. பேராதனை ரோட்டை நோக்கி அவன் நடப்பது தெரிந்தது.

வீட்டில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். சுதர்சினி சோற்றைச் சூடாக்கிக் கொண்டுவந்து அப்பாவுக்கு முன்னால் வைத்தாள். அவர் இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாயை எடுக்கும்போது அவள் கேட்டாள்.

"அந்தக் கடைசி புதன், கட்டுகஸ்தோட்டையிலிருந்து அம்மாவ நேரா ஆஸ்பத்திரிக்கு கொண்டுபோகச் சொன்னாங்களாமே, சகீனாம்மா."

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது.

"சொன்னாங்க."

"போனீங்களா?"

அவர் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். அவள் அவசரப்படுத்தவில்லை.

த்ரீவீலர் ஆஸ்பத்திரி ரோட்டுக்குத் திரும்பும் இடம் வரைக்கும் வந்தார்களாம். அங்கே வைத்து அம்மா, கை இப்போது லேசாகிவிட்டது என்று விரல்களை மடக்கி நீட்டிக் காட்டியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போனால் ராத்திரி வரை உட்கார வைப்பார்கள், நாளைக்குப் போவோம் என்றிருக்கிறார். பேராதனையிலிருந்து நாவலப்பிட்டிக்கு ஒரு ரயில் இருக்கிறதாமே, எத்தனையோ தடவை ரயிலில் போயிருக்கிறேன், எல்லாம் சாவுக்கும் கலியாணத்துக்கும் மூட்டை முடிச்சோடு போனது, ஒரு தடவை சும்மா போய்வருவோமா என்று கேட்டிருக்கிறார்.

"நாந்தான் வீலர ஸ்டேஷனுக்குத் திருப்பச் சொன்னேன்," என்றார் அப்பா. "சன்னல் பக்கம் உக்காந்தா. வழியெல்லாம் வெளியே பாத்துக்கிட்டே வந்தா. திரும்பி வரும்போது என் தோள்ல சாஞ்சி தூங்கிட்டா. அலுப்புன்னு நெனைச்சேன் சுதா. எழுப்பக் கூடாதுன்னு, பேராதனை வரைக்கும் தோள அசைக்கவே இல்ல."

அடுத்த நாள்தான் அந்த வியாழன்.

சுதர்சினிக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது போலிருந்தது. அது கோபமா, வேறேதுமா என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அப்பாவைப் பார்த்தாள். எச்சில் கையோடு, தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"வெள்ளிக்கெழம இதையும் சொல்லணுமா?" என்று கேட்டார்.

வெளியே கேட்டு சாத்தும் சத்தம் கேட்டது. சதீஸ் பாதி வழியிலேயே திரும்பியிருக்க வேண்டும். படிகளில் அவன் செருப்புச் சத்தம், ஒன்று, இரண்டு, பிறகு நின்றது.

"அத அப்புறம் பாக்கலாம்ப்பா," என்றாள் சுதர்சினி. "மொதல்ல தம்பிகிட்ட சொல்லுங்க."

அப்பா மாட்டேன் என்று தலையசைத்தார். அவள் எழுந்துபோய்க் கதவை அகலத் திறந்தாள்.